எஸ்ஆர்ஓ 1, 2.5, 5: போட்டி பிஸ்டலுக்கு எந்தப் புள்ளி?

போட்டிக்காகப் பிஸ்டல் சுடுகிறவர் ரெட் டாட் சைட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) வாங்கப் போனால், பிராண்ட், விலை எல்லாம் முடிவான பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: எத்தனை எம்ஓஏ புள்ளி, அதாவது புள்ளி எவ்வளவு பெரிது? அதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பழக்கத்திலிருந்து வருபவை. வேகமாகச் சுடுகிறவர் பெரிதாக எடு என்பார், நிதானமாகச் சுடுகிறவர் சின்னதாக எடு என்பார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எவ்வளவு உண்மை என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இங்கே அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறேன்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ட்ரிஜிகான் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த எஸ்ஆர்ஓ என்ற ரெட் டாட் சைட். காரணம் எளிது. உடல், கண்ணாடி, பேட்டரி, பொருத்தும் அடித்தளம் எல்லாம் ஒன்றே. புள்ளி மட்டும் 1, 2.5, 5 எம்ஓஏ என்று மூன்று அளவுகளில் வருகிறது. இரண்டு வேறு பிராண்டுகளை ஒப்பிட்டால் கண்ணாடியின் நிறம், சட்டத்தின் தடிமன் என்று எதெதுவோ குறுக்கே வரும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது.

சூழல் இப்படி: 9 மி.மீ. பிஸ்டல், ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) மேல் எஸ்ஆர்ஓ. சுடுகிறவர் அமெரிக்காவில் வேகமும் துல்லியமும் சேர்ந்த யுஎஸ்பிஎஸ்ஏ போட்டிகளில், ஸ்லைடின் மேல் சைட் வைத்த பிஸ்டல்களுக்கான கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் போட்டியிடுகிறார், இடையிடையே எஃகுத் தகடுகளை வேகமாகச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போகிறார், 50 கெஜத்தில் ஒற்றைக் கையால் சுடும் புல்ஸ்ஐ போட்டியிலும் ஆசை உண்டு. இந்த மூன்றுக்கும் ஒரே புள்ளி போதுமா? போதாதென்றால் எதற்கு எது?

நம்மூரில் பலருக்குப் பிஸ்டல் போட்டி என்றதும் நினைவுக்கு வருவது மனு பாக்கரும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கும்தான். ஒலிம்பிக்கில் ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் பிஸ்டல் போட்டிகளில் ரெட் டாட் அனுமதியே இல்லை. திறந்த இரும்புக் குறி மட்டும்தான். ஆகவே இங்கே வரும் எதுவும் அந்த விளையாட்டுக்குப் பொருந்தாது.

இலக்குக்கும் எம்ஓஏ உண்டு

எம்ஓஏ ஒரு கோண அளவு. ஒரு பாகையை 60 பங்காக்கினால் அதில் ஒன்று. 100 கெஜத்தில் அது ஏறத்தாழ 1.05 அங்குலம். 50 கெஜத்தில் 0.52 அங்குலம், 25-இல் 0.26, 10-இல் 0.1. அதாவது 5 எம்ஓஏ புள்ளி 10 கெஜத்தில் அரை அங்குலத்தை மறைக்கும், 25-இல் 1.3 அங்குலத்தை, 50-இல் 2.6 அங்குலத்தை. 2.5 எம்ஓஏ என்றால் இவற்றில் பாதி.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். பேச்சு பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. புள்ளியைக் கோணத்தில் அளந்துவிட்டு இலக்கை அங்குலத்திலேயே விட்டுவிடுகிறோம். இலக்கையும் அதே கோலால் அளந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இந்த ஆய்வில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான்.

யுஎஸ்பிஎஸ்ஏ இலக்கு அட்டையில், அதிக மதிப்பெண் தரும் நடுப்பகுதியான ஏ மண்டலத்தின் அகலம் ஏறத்தாழ 6 அங்குலம், உயரம் 11 அங்குலம். அகலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 7 கெஜத்தில் அது 80 எம்ஓஏ. 15 கெஜத்தில் 38. 25 கெஜத்தில் 22. அந்த 22-க்குள் 5 எம்ஓஏ புள்ளி நாலு தடவை அடங்கும். 15 கெஜத்தில் சுடக்கூடாத வெள்ளை அட்டையை மேலே ஒட்டி மறைத்து, 2 அங்குலப் பட்டையை மட்டும் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் அது 13 எம்ஓஏ. அதிலும் 5 எம்ஓஏ புள்ளி உட்கார்ந்து இருபுறமும் இடம் மிஞ்சும்.

இன்னொரு அளவையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பழைய இரும்புக் குறியில் முன் குறியின் அகலம் வழக்கமாக எட்டில் ஒரு அங்குலம். கையை நீட்டிப் பிடித்தால் அது கண்ணிலிருந்து 28 அங்குலம் தள்ளி இருக்கும். கோணத்தில் அது 15 எம்ஓஏ. அந்தக் குறியை வைத்துக்கொண்டு பல தலைமுறைகள் 50 கெஜத்தில் பத்துகளாகச் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். 5 எம்ஓஏ புள்ளி இலக்கை மறைத்துவிடும் என்று ஒருவர் பயந்தால் இந்த 15-ஐ அவருக்கு நினைவூட்டலாம். முன் குறியின் மேல் விளிம்பை வைத்துக் குறிபார்ப்பதும் புள்ளியின் நடுவை வைத்துப் பார்ப்பதும் வேறு வேறு முறைகள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணுக்கு எவ்வளவு பெரிய பொருள் பழக்கம் என்பதற்கு அது நல்ல சான்று.

துப்பாக்கியும் கணக்கில் வர வேண்டும். சாதாரண 9 மி.மீ. பிஸ்டல் 25 கெஜத்தில் 3 அங்குலக் கூட்டம் போட்டால் (குண்டுகள் 3 அங்குல அகலத்துக்குள் விழுந்தால்) அது 11 எம்ஓஏக்கு மேல். துப்பாக்கியே 11 எம்ஓஏவுக்குச் சிதறும்போது, புள்ளி 2.5 ஆக இருப்பதால் வரும் கூடுதல் துல்லியம் தாளில் தெரியாது.

புள்ளி எங்கிருந்து வருகிறது

சைட்டின் பின்பகுதியில் ஒரு எல்இடி. முன்னால் வளைந்த கண்ணாடி. அதன் மேல் பூசிய படலம் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பி, மற்ற நிறங்களை உள்ளே விடும். எல்இடி அந்தக் கண்ணாடியின் குவியத்தில் இருப்பதால் திரும்பி வரும் கதிர்கள் இணையாக வருகின்றன. அதனால்தான் புள்ளி இலக்கோடு ஒட்டித் தூரத்தில் மிதப்பதுபோல் தெரிகிறது. கண்ணை இலக்கில் வைத்துக்கொண்டே சுட முடிகிறது. புள்ளியின் கோண அளவைத் தீர்மானிப்பது எல்இடியில் ஒளி வெளிவரும் துளையின் அகலமும் குவியத் தூரமும். குவியத் தூரம் 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 5 எம்ஓஏக்கு வேண்டிய துளை 44 மைக்ரான்தான். 2.5-க்கு 22. தலைமுடியைவிடச் சன்னமான விஷயம். இத்தனை சின்னத் துளையில் ஓரம் கொஞ்சம் பிசகினாலும் புள்ளியின் வடிவம் கெடும். ஆகவே வாங்கும்போது புள்ளி வட்டமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

புள்ளி காணாமல் போவது ஏன்

ரெட் டாட்டுக்குப் புதிதாக மாறுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் குறை: துப்பாக்கியைத் தூக்கினால் புள்ளியைக் காணோம். கண்ணாடிக்குள் தேட வேண்டியிருக்கிறது. உடனே கிடைக்கும் அறிவுரை, பெரிய புள்ளியாக மாற்று என்பது. இது தவறான அறிவுரை என்பது என் உறுதியான கருத்து.

எஸ்ஆர்ஓவின் கண்ணாடி 25 மி.மீ. அகலம், 22.5 மி.மீ. உயரம். கண்ணிலிருந்து சுமார் 60 செ.மீ. தூரத்தில் அது இருக்கும். துப்பாக்கி பக்கவாட்டில் 1.2 பாகைக்கு மேல் திரும்பிவிட்டால் புள்ளி கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். மேல் கீழாக என்றால் 1.1 பாகை. இந்த எல்லையைப் போடுவது கண்ணாடியின் அளவும் கண்ணுக்கும் சைட்டுக்கும் உள்ள தூரமும். புள்ளி 1 எம்ஓஏவாக இருந்தாலும் 5 ஆக இருந்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் மறையும். மணிக்கட்டு இரண்டு பாகை சாய்ந்திருந்தால் எந்தப் புள்ளியும் வந்து காப்பாற்றாது.

அதே நிறுவனத்தின் பழைய ஆர்எம்ஆரில் கண்ணாடி 22 மி.மீ. அகலம், 16 மி.மீ. உயரம். மேல் கீழ் எல்லை அதில் முக்கால் பாகைதான். பின்னுதைப்பில் குழல் மேலே எழும்பும்போது புள்ளி ஓடுவது மேல் நோக்கித்தான். ஆகவே வேகமாகச் சுடும்போது புள்ளியைக் கண்ணிலேயே வைத்திருக்க உதவுவது கண்ணாடியின் உயரம். ஆர்எம்ஆரிலிருந்து எஸ்ஆர்ஓவுக்கு மாறுகிறவருக்குப் புள்ளி சட்டென்று கிடைப்பதுபோல் இருந்தால், அந்தப் பெருமை கூடுதலாக வந்த ஆறரை மில்லிமீட்டருக்குச் சேரும்.

அப்படியானால் பெரிய புள்ளியால் என்ன பயன்? கண்ணாடிக்குள் வந்துவிட்ட புள்ளியைக் கண் சீக்கிரம் கவனிக்கும். அது முக்கியமான உதவிதான், மறுக்கவில்லை. கண் இலக்கையே பார்த்துக்கொண்டிருக்க, சிவப்பு ஒன்று வந்து அதன்மேல் உட்கார்ந்ததை ஓரப்பார்வையாலேயே உணர வேண்டும். 5 எம்ஓஏ புள்ளியின் பரப்பு 2.5-இன் பரப்பைப்போல் நாலு மடங்கு. சின்னப் புள்ளி என்றால் கண்ணுக்கு அதையே தேடிப் பிடிக்கும் ஆசை வரும், இலக்கு மங்கும். இது பயிற்சியால் போகும் பழக்கம்தான். சைட்டின் முன்பக்கத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு இரண்டு கண்ணையும் திறந்து சுட்டுப் பழகினால் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வழியில்லாமல் போய்விடும்.

கேரி ஆப்டிக்ஸ்: ஒரு சி எத்தனை நொடி

யுஎஸ்பிஎஸ்ஏயில் மதிப்பெண்ணை நேரத்தால் வகுத்து ஹிட் ஃபாக்டர் எடுக்கிறார்கள். கேரி ஆப்டிக்ஸ் மைனர் (வலு குறைந்த குண்டுக்கான) கணக்கில் நடப்பது: நடு மண்டலமான ஏயில் விழுந்தால் 5, அதற்கு வெளியே உள்ள சியில் 3, டியில் 1. தவறினால் அந்த 5 போவதோடு 10 அபராதம்.

16 காகித இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு, ஆக 32 குண்டு ஸ்டேஜ் (சுற்று) ஒன்றை எடுத்துக்கொள்வோம். உச்சம் 160. 16 நொடியில் முடித்தால் ஹிட் ஃபாக்டர் 10-ஐ ஒட்டி இருக்கும். அந்த நிலையில் 2 மதிப்பெண்ணின் விலை 0.2 நொடி. ஆகவே ஓர் ஏ நழுவிச் சி ஆனால் நஷ்டம் 0.2 நொடி. டி ஆனால் 0.4. முழுசாகத் தவறினால் 15 மதிப்பெண் போகும், அதாவது 1.5 நொடி.

இப்போது புள்ளிக்கு வருவோம். சின்னப் புள்ளி ஒரு ஸ்டேஜில் ஒரு சியைத் தடுக்கிறது என்றே ஒப்புக்கொள்வோம். லாபம் 0.2 நொடி. பெரிய புள்ளியால் ஓர் இலக்குக்கு நொடியில் எண்பதில் ஒரு பங்கு மிச்சமானாலும், 16 இலக்குக்கும் சேர்த்து அதே 0.2 நொடி வந்துவிடும். அவ்வளவு சின்ன நேரத்தை வெறும் கண்ணால் யாரும் உணர மாட்டார்கள், டைமரில்கூட நாளுக்கு நாள் வரும் ஏற்றத்தாழ்வில் அது கரைந்துபோகும். இலக்கின் அகலம் 22 எம்ஓஏக்கு மேல் இருக்கும்வரை, 5 எம்ஓஏ புள்ளி துல்லியத்தைக் கெடுத்துச் சி வாங்கித் தருவதற்கு வாய்ப்பும் குறைவு. சி விழுவது பெரும்பாலும் ட்ரிக்கரை இழுத்த விதத்தால்.

தவறிய குண்டு கதையே வேறு. 1.5 நொடி என்பது பெரிய பள்ளம். வெள்ளை அட்டை மறைத்த இலக்கு, 25 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் சின்ன எஃகுத் தகடு, இப்படிப்பட்ட இடங்களில் சின்னப் புள்ளி தரும் தெளிவுக்கு மதிப்பு உண்டு. ஒருவருடைய ஊர்ப் போட்டிகளில் இந்த மாதிரி இலக்குகள் நிறைய வருமென்றால் 2.5 எடுப்பதில் நியாயம் இருக்கிறது. போட்டிகளில் இரண்டு அளவும் புழக்கத்தில் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு துணைச் செய்தி. ஸ்லைடின் மேல் வைத்த சைட்டில் புள்ளி, குழலின் நடு அச்சுக்கு ஏறத்தாழ 1 அங்குலம் மேலே இருக்கும். 25 கெஜத்தில் நேர்படுத்திய (புள்ளி வைத்த இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்த) துப்பாக்கி 5 கெஜத்தில் முக்கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கீழே அடிக்கும். அந்தத் தூரத்தில் அது ஏறத்தாழ 15 எம்ஓஏ. கிட்டத்தில் மறைப்பு அட்டையை உரசிச் சுடும்போது இதை மறந்தால் வரும் தவறு, 2.5-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தைப்போல் ஆறு மடங்கு.

ஸ்டீல் சேலஞ்ச்: இங்கே வாதமே இல்லை

எட்டு நிலையான ஸ்டேஜ்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து எஃகுத் தகடுகள், நேரம் மட்டுமே கணக்கு. மறுபடி சுட்டும் விழாத தகட்டுக்கு 3 நொடி அபராதம். தகடுகள் 10 அங்குல வட்டம், 12 அங்குல வட்டம், 18-க்கு 24 அங்குலச் செவ்வகம் என்று மூன்று அளவு.

கடினமான ஸ்டேஜ் என்று பெயர் வாங்கிய பெண்டுலத்தில் 10 அங்குலத் தகடு 18 கெஜத்தில் நிற்கும். அது 53 எம்ஓஏ. ஸ்மோக் அண்ட் ஹோப்பில் 7 கெஜத்தில் நிற்கும் செவ்வகத் தகட்டின் அகலம் ஏறத்தாழ 245 எம்ஓஏ. எஸ்ஆர்ஓவின் கண்ணாடியே கண்ணுக்கு 143 எம்ஓஏ அகலம்தான். அதாவது தகடு கண்ணாடியைவிடப் பெரிதாகத் தெரியும்! அங்கே குறிபார்ப்பது என்ற பேச்சே வராது. சிவப்பு கண்ணில் பட்டால் இழுத்துவிடலாம். பெரிதாக, பளிச்சென்று எது கிடைக்கிறதோ அது. 5 எம்ஓஏ.

துப்பாக்கியில் மாற்றங்களுக்கு அதிக இடம் தரும் ஓப்பன் பிரிவுக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் 1975-இல் முதல் மின்னணு ரெட் டாட்டைக் கொண்டுவந்தது. 1990-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஐபிஎஸ்சி (யுஎஸ்பிஎஸ்ஏ சேர்ந்துள்ள சர்வதேச அமைப்பு) உலகப் போட்டியை டக் கோனிக் ஒளியியல் சைட் வைத்த துப்பாக்கியால் வென்றார். அதன் பிறகு ஓப்பன் பிரிவில் இரும்புக் குறிக்குத் திரும்பிப் போக யாருக்கும் காரணம் இருக்கவில்லை. பின்னால் வந்த சி-மோர் சைட்டுகளில் புள்ளியைத் தரும் பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். 8 எம்ஓஏவும் அதற்கு மேலும்கூடக் கிடைக்கும். ஓப்பன் துப்பாக்கியில் சைட் துப்பாக்கியின் சட்டத்தில் நிலையாக இருக்கும், ஸ்லைடோடு முன்னும் பின்னும் ஓடாது. அப்படியிருந்தும் அவர்கள் பெரிய புள்ளியை விரும்பினார்கள் என்றால், சைட்டே ஸ்லைடோடு ஓடும் கேரி ஆப்டிக்ஸில் பெரிதை எடுக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

புல்ஸ்ஐ: சின்னதற்கு இடம் இங்கேதான்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கணக்கு இங்கேதான் இறுக்கமாக வருகிறது.

அமெரிக்கப் புல்ஸ்ஐ போட்டியில், 50 கெஜத்தில், நின்றுகொண்டு, ஒற்றைக் கையால், பத்து நிமிடத்தில் பத்து குண்டு. அட்டையின் நடுக் கறுப்பு 8 அங்குலம். பத்து வளையம் 3.36 அங்குலம். அதற்குள் எக்ஸ் வளையம் 1.695 அங்குலம். கோணத்தில் மாற்றினால் கறுப்பு 15 எம்ஓஏ, பத்து வளையம் 6.4, எக்ஸ் 3.2. ஆர்எம்ஆரில் கிடைக்கும் 3.25 எம்ஓஏ புள்ளி 50 கெஜத்தில் எக்ஸ் வளையத்தை அச்சாக மூடும் என்பது இதிலிருந்து தெரியும். 

5 எம்ஓஏ புள்ளி அதே தூரத்தில் 2.6 அங்குலம். பத்து வளையத்துக்குள் அடங்குகிறது, ஆனால் எக்ஸை விழுங்கிவிடுகிறது. கேட்பதற்கு மோசமாக இருக்கும். ஆனால் 50 கெஜத்தில் கறுப்பின் மேலுள்ள வளையக் கோடுகள் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரிவது கறுப்பு வட்டம், அதன் நடுவில் சிவப்பு வட்டம். சுடுகிறவர் செய்வது ஒரு வட்டத்தை இன்னொரு வட்டத்துக்குள் நடுப்படுத்துவதுதான். 15 எம்ஓஏ கறுப்பில் 5 எம்ஓஏ சிவப்பு என்றால் இடம் ஐந்து, சிவப்பு ஐந்து, வலம் ஐந்து. மூன்றும் சமம். ஒருபக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் கண் உடனே சொல்லிவிடும். இந்த வேலையைக் கண் ஆச்சரியப்படும்படி நன்றாகச் செய்யும்.

அப்புறம் கை நடுக்கம். ஒற்றைக் கையில் துப்பாக்கி நிற்கவே நிற்காது, கறுப்புக்குள் அலைந்துகொண்டே இருக்கும். 2.5 எம்ஓஏ புள்ளி 5 எம்ஓஏ தூரம் அலைந்தால் தன் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஓடியதாகத் தெரியும். 5 எம்ஓஏ புள்ளி அதே தூரம் அலைந்தால் தன் அகலம் அளவே நகர்ந்ததுபோல் இருக்கும். கை ஒன்றே, நடுக்கம் ஒன்றே. ஆனால் சின்னப் புள்ளியைப் பார்ப்பவர் பதறி, புள்ளி நடுவைக் கடக்கும் நொடியில் ட்ரிக்கரைப் படக்கென்று தட்டுவார். அந்தத் தட்டலில்தான் ஏழும் ஆறும் விழுகின்றன. மெதுவாகச் சுடும் போட்டியில் பெரிய புள்ளிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் இது. புல்ஸ்ஐ வட்டாரத்தில் வெகுநாளாகப் புழங்கிய அல்ட்ராடாட் மேட்ச்டாட்டில் 2, 4, 6, 8 என்று புள்ளியைத் திருகி மாற்றிக்கொள்ள முடியும் என்பதிலிருந்தே, அவர்களுக்குள்ளும் இதில் ஒருமித்த கருத்து இல்லை என்று புரிந்துகொள்ளலாம். எய்ம்பாயிண்ட் 9000-இல் 2 எம்ஓஏ. அதற்கும் அங்கே ரசிகர்கள் ஏராளம்.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்தும் 50 கெஜத்துக்கு என் தேர்வு 2.5. காரணம் ஒளி. பட்டியலில் 5 எம்ஓஏ என்று போட்டிருந்தாலும் கண்ணுக்குள் ஒளி சிதறி அது இன்னும் அகலமாகத் தெரியும். கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தில் வைத்தாலே 6.4 எம்ஓஏ பத்து வளையத்தைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. 2.5 புள்ளி அதே மாதிரி வீங்கினாலும் வளையத்துக்குள் நிற்கும். 50 கெஜத்தில் 2 அங்குலக் கூட்டம் போடும்படி செதுக்கிய புல்ஸ்ஐ துப்பாக்கியின் சிதறல் 4 எம்ஓஏக்குள் அடங்கும். அந்தத் துல்லியத்தைப் பயன்படுத்தக்கூடிய புள்ளிதான் அதன் மேல் இருக்க வேண்டும். சுடுகிறவர் நடுக்கத்தைப் பார்த்துப் பதறாமல் பழகியிருக்க வேண்டும் என்பது இதற்கான நிபந்தனை. 25 கெஜத்தில் நேரக் கட்டுப்பாட்டோடு நடக்கும் டைம்ட், ரேபிட் சுற்றுகளில் பத்து வளையம் 12.8 எம்ஓஏ, அங்கே எதுவும் செல்லும்.

வெளிச்சமும் கண்ணும்

சின்னப் புள்ளி எடுப்பவர்கள் சொல்லும் ஒரு வாதம் உண்டு: சின்னதை வெளிச்சம் கூட்டிப் பெரிதாக்கலாம், பெரியதைச் சின்னதாக்க முடியாது. பாதி சரி. மேகமூட்டமான நாளில், கூரை போட்ட ரேஞ்சில், 2.5-ஐ இரண்டு படி ஏற்றினால் அது வீங்கி 5 மாதிரி நடந்துகொள்ளும். ஓரம் கலங்கலாக இருந்தாலும் 7 கெஜத்தில் யாருக்கும் கவலையில்லை. ஆனால் உச்சி வெயிலில், வெளுத்த மணல் மேட்டுக்கு முன்னால் வெள்ளைத் தகடு நிற்கும்போது, உச்ச வெளிச்சத்தில் வைத்தாலும் புள்ளி வீங்காது. பின்னணி அவ்வளவு பிரகாசம். சின்னப் புள்ளி கண்ணில் படாமல் நழுவுவது அங்கேதான், பரப்பு அதிகமுள்ள 5 எம்ஓஏ கைகொடுப்பதும் அங்கேதான். திறந்தவெளியில் போட்டியிடுகிறவர் சைட்டைக் கடைக்குள் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

இதே காரணத்தால் 1 எம்ஓஏவை நான் முதலிலேயே ஒதுக்குகிறேன். நல்ல கண்ணின் பிரித்தறியும் திறனே ஏறத்தாழ 1 எம்ஓஏதான். பிஸ்டலில் அவ்வளவு நுணுக்கத்தைப் பயன்படுத்தும் போட்டி இந்த மூன்றில் எதுவுமில்லை.

சிதறல் பார்வை (ஆஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். எந்தப் புள்ளியும் அவர்களுக்கு வட்டமாகத் தெரியாது. நட்சத்திரமாக, காற்புள்ளியாக, சில சமயம் திராட்சைக் கொத்தாகத் தெரியும். சைட்டில் கோளாறா கண்ணில் கோளாறா என்று கண்டுபிடிக்கக் கைபேசியால் புள்ளியைப் படமெடுத்துப் பார்த்தால் போதும். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு கண்ணில். சைட்டைக் கையில் பிடித்துச் சுழற்றிப் பார்ப்பது இன்னொரு வழி: வடிவமும் கூடவே சுழன்றால் சைட், சுழலாமல் நின்றால் கண். இப்படிப்பட்டவர்கள் வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துச் சுட வேண்டும். குறைந்த வெளிச்சத்திலும் தெரியும் என்பதால் 5 எம்ஓஏ அவர்களுக்குத் தோதானது. பார்வைக்கான கண்ணாடி அணிந்துகொண்டு சோதித்த பிறகு முடிவெடுப்பது இன்னும் நல்லது.

புள்ளியோடு வளையமும் தரும் சைட்டுகள் இப்போது உண்டு. ஹோலோசன் 507 காம்ப்பில் 2 எம்ஓஏ புள்ளியும் 8, 20, 32 எம்ஓஏ வளையங்களும் வருகின்றன. வேண்டியதைப் பொத்தானால் தேர்ந்தெடுக்கலாம். வாங்கிவிட்டு யோசிக்க விரும்புகிறவருக்கு நல்ல வழி. போட்டி நாளில் மாற்றி மாற்றிப் பார்க்காமல் ஒன்றில் நிலைத்தால் சரி.

முடிவு

கேரி ஆப்டிக்ஸும் ஸ்டீலும்தான் முக்கியம், புல்ஸ்ஐ எப்போதாவது என்றால்: எஸ்ஆர்ஓ 5 எம்ஓஏ. இந்த ஆய்வில் எடுத்துக்கொண்டவருக்கு நான் சொல்வது இதுதான். புல்ஸ்ஐ நாளில் கறுப்பின் மேல் புள்ளி மங்கலாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு சுடட்டும். பத்து வளையத்துக்குள் நிற்கும்.

புல்ஸ்ஐயில் ஆசை முற்றினால் அதற்கென்று 2.5 எம்ஓஏ இன்னொன்று வாங்குவதே சரி. அந்தப் போட்டிக்குத் துப்பாக்கியும் வேறாகத்தான் இருக்கப்போகிறது. ஒரே துப்பாக்கியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்துவதென்றால் அடித்தளம் ஒன்றே என்பதால் பொருத்தும் தகடு எதுவும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் நேர்படுத்த வேண்டும். திருகுகளை டார்க் ஸ்பேனரால் 12 இஞ்ச்-பவுண்டுக்கு இறுக்கி, 25 கெஜத்தில் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, அட்டையின் கறுப்பு வட்டத்தின் நடுவில் புள்ளியை நிறுத்திச் சுட வேண்டும். எஸ்ஆர்ஓவில் ஒரு கிளிக் 1 எம்ஓஏ. அந்தத் தூரத்தில் கால் அங்குலம். பேட்டரி மேலிருந்து போடுவது என்பதால் பேட்டரி மாற்ற மட்டும் சைட்டைக் கழற்ற வேண்டியதில்லை, நேர்படுத்தியது கலையாது.